முடிச்சு கட்டிய டயப்பர்

பார்சல் ஆபீசில் அவருக்கு முடிச்சு என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும் அன்றைக்கு மட்டும் ஒரு முறை வெளியே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும். மற்றபடி முதலாளியில் இருந்து லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் அவர் முடிச்சு. தலை நரைத்த பிறகு முடிச்சு அண்ணன். அவர் கட்டிய கட்டைக் கையால் பிரிக்க ஆள் பிறக்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். பிரித்தவர்கள் எல்லாம் கத்தியை எடுத்து அறுத்தவர்கள்தான். கண்ணாடி பீரோ, தையல் மெஷின், மீன்தொட்டி, ஒரு முறை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டிய எலும்புக்கூடு, எதைக் கொண்டுவந்து போட்டாலும் முதலில் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். பிறகு வைக்கோல், அட்டை, சாக்கு, அதற்கு மேல் கயிறு. கடைசியில் முழங்காலைக் கட்டின் மேல் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு. "இப்ப மாடியில இருந்து உருட்டி விடு, ஒண்ணும் ஆகாது" என்பார். யாரும் உருட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கட்டிய சாமான் உடைந்துபோய்ச் சேர்ந்தது என்று ஒரு புகாரும் வந்ததில்லை.

அவருடைய மனைவி மழலைப் பள்ளியில் டீச்சர். இரண்டு பேரில் யார் வேலை கஷ்டம் என்று பேச்சு வந்தால், கயிறு போட்டால் பார்சல் வைத்த இடத்தில் இருக்கும், மூன்று வயதுக் குழந்தை இருக்குமா என்பது அவளுடைய வாதம். வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது, குரல் அப்படி. அவள் வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சைக்கிள் கடையில் தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு குழந்தை உட்கார்ந்த இடத்தில் நனைத்துவிட்டால் மட்டும் அந்தக் குரல் காணாமல் போய்விடும். பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியாமல் பின்பக்கம் அழைத்துப் போய், மாற்றி, உலர்ந்த கால்சட்டையோடு கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைப்பாள். "டீச்சர் கிட்ட சொன்னா யாரும் திட்ட மாட்டாங்க, சரியா?" என்று காதோடு சொல்வாள். இன்றைக்கு அந்தப் பகுதியில் தொந்தியும் தொழிலுமாகத் திரியும் பல பேர் அவளைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். அத்தனை பேருடைய ஈரக் கால்சட்டை ரகசியமும் அவளிடம் பத்திரமாக இருந்தது.

இருவரும் ஓய்வு பெற்று, இனி ஊர் ஊராகச் சுற்றலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் ஒரு காலை அவள் கையில் இருந்த டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. கால் முக்கால்வாசி திரும்பியது. கைத்தடியும் கணவர் தோளும் இருந்தால் நடப்பாள். இடது கை சொன்ன பேச்சைக் கேட்க யோசித்தது. திரும்பாத ஒன்று, சிறுநீரை அடக்கும் பிடி. வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவில் இருந்த அவகாசம் போய்விட்டது. டயப்பர் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மகள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். ஓடிவந்து, "நான் பாத்துக்கறேம்மா" என்றாள். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "நான் உனக்கு மாத்திவிட்டது போதும். நீ எனக்கு மாத்திவிட வேணாம். வேணும்னா வந்து பேசிட்டு இரு." மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. முடிச்சு நடுவில் புகுந்து, "விடும்மா. இது என்ன மலையைப் புரட்டுற வேலையா? கட்டறதுதானே? நான் கட்டாத கட்டா?" என்றார்.

அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது.

மருந்துக்கடைக்காரர் முதலிலேயே கேட்டார். "யாருக்குங்க? இடுப்பு அளவு என்ன?" பார்சல் கட்டியவரிடம் அளவைப் பற்றி இன்னொருவர் பேசுவதா? "இருக்கறதுலயே பெரிசா குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய பெட்டியில்தானே நிறைய அடங்கும்? அவள் ஒல்லியான ஆள். பெரிய டயப்பர் இடுப்பில் நிற்காமல் தொளதொளத்தது. இடைவெளி இருந்தால் சாமான் ஆடும்; அது அவருக்குத் தெரியாததா? பழைய பருத்தித் துணியைச் சுருட்டி இரண்டு பக்கமும் திணித்தார். தொடை ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாக ஒரு கரை நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு எதுவானாலும் உள்ளே மடித்துச் செருகுவது அவர் கைப்பழக்கம், செருகினார். நான்கு ஒட்டுப்பட்டிகளையும் இழுத்து ஒட்டினார். அதுவும் போதாது என்று பட்டது. அலமாரியில் இருந்து பழுப்பு நிறப் பார்சல் டேப்பை எடுத்து மேலே ஒரு சுற்றுச் சுற்றினார். முழங்காலை ஊன்றாததுதான் பாக்கி.

எழுப்பி நிறுத்தி, சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள்.

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

விடியும்போது மெத்தை நனைந்திருந்தது. தொடை வழியாக ஒழுகியிருந்தது. அவருக்குத் தன்மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அடுத்த நாள் இன்னும் இறுக்கினார். அதுவும் ஒழுகியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டினார். உள்ளே இருந்ததன் வெளிப்பக்கம் பிளாஸ்டிக், அதைத் தாண்டி ஒரு சொட்டும் மேலே கட்டியதற்குப் போய்ச் சேராது என்பது அவருக்கு உறைக்கவில்லை. இரண்டும் சேர்ந்து அவளை வாத்து நடை நடக்கவைத்ததுதான் மிச்சம். ஒழுகும்போதெல்லாம் அவர் டயப்பரைத் திட்டினார், செய்த கம்பெனியைத் திட்டினார், ஒட்டுப்பட்டியைத் திட்டினார். அவளை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. முகம் சுளித்ததும் இல்லை. நனைந்த விரிப்பை அவள் எழுந்திருப்பதற்குள் உருவிக்கொண்டு போய்த் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல டீ போட்டுக்கொண்டு வந்து நிற்பார். அன்பு இல்லை என்று அவர் மேல் யாரும் விரல் நீட்ட முடியாது.

போகப் போக ஒழுகுவது குறைந்தது. தன் கைவேலை பலிக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

இந்தச் சமயத்தில்தான் அவளுடைய அக்காவிடம் இருந்து போன் வந்தது. அக்கா இருப்பது வேறு ஊர், ரயிலில் அரைப் பகல் பயணம். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, படுத்த படுக்கை. "என்னால இனிமே அங்க வர முடியாது குட்டி. நீதான் ஒரு எட்டு வந்துட்டுப் போகணும்" என்றாள் அக்கா. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் தங்கை அவளுக்குக் குட்டிதான். "வரேன்க்கா, இந்த வெயில் கொஞ்சம் தணியட்டும்" என்றாள் இவள். வெயில் தணிந்தது. மழை என்றாள். மழை விட்டது. ரயிலில் கூட்டம் என்றாள். முடிச்சு கூட்டம் இல்லாத ரயில் பார்த்துச் சொன்னார். கால் வலிக்கிறது என்றாள்.

முடிச்சுக்கு விஷயம் வேறு மாதிரி புரிந்தது. அக்கா தங்கைக்குள் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால்தான் இவளால் போக முடியும். "நீ விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போற" என்று அக்கா ஒரு நாள் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு பேரும் கொஞ்ச காலம் முகம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அதை இன்னும் இவள் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

ஒரு நாள் அக்காவின் மருமகள் தனியாக அவருக்குப் போன் செய்தாள். "மாமா, அத்தை சரியாவே சாப்பிடறதில்ல. டாக்டர் முகத்தைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. சின்னத்தை எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு வாசலையே பாத்துட்டு இருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க மாமா." போனை வைத்துவிட்டு நேராக மனைவியிடம் போனார்.

"உங்க அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. இன்னும் என்ன வீம்பு உனக்கு? அப்படி என்ன கல்லு மனசு?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாதத்தில் ஒரு நாளும் விட்டுக்கொடுக்காதவள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றவில்லை அவருக்கு.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல். சிறுநீர் போகும்போது எரிகிறது என்று முனகினாள். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். பரிசோதனை அறையில் நர்ஸ் திரையை இழுத்துவிட்டுத் துணியை விலக்கினார்.

"யார் இதைக் கட்டினது?"

"நான்தாங்க" என்றார் முடிச்சு. இந்த நிலைமையிலும் குரலில் ஒரு சொட்டுப் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பார்சல் டேப்பா இது?"

"ஆமாங்க. பிரிஞ்சுடக் கூடாதேன்னு."

நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து அறுத்தார். உள்ளே இருந்து துணிச் சுருள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதற்கும் அடியில், இடுப்பைச் சுற்றியும் இரண்டு தொடைகளிலும் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. சில இடத்தில் தோல் உரிந்திருந்தது. முடிச்சு அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வந்த புண் என்று நினைத்து பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளைக் கட்டினீங்களா, மூட்டையைக் கட்டினீங்களா?" என்றார் நர்ஸ். பிறகு அவளிடம், "நாக்கை நீட்டுங்கம்மா. காஞ்சு கெடக்கே. தண்ணி குடிக்கிறதே இல்லையா?"

"குடிக்கிறேனே" என்றாள் டீச்சர், வகுப்பில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட குழந்தையின் முகத்தோடு.

நர்ஸுக்கு வெளியே கூட்டம் காத்திருந்தது. டாக்டர் எழுதிய மாத்திரையும் களிம்பும் எடுத்துக்கொடுத்து, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, முடிச்சைப் பார்த்து இரண்டே வார்த்தை சொன்னார். "அளவு தப்பு, ஒரு சைஸ் இல்ல, ரெண்டு சைஸ் பெரிசு. அடுத்த தடவை இவங்களைக் கேட்டுக் கட்டுங்க." அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். முடிச்சு முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றார். தினமும் காலையில் அவள் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் நிரப்பி வைப்பார். மதியத்துக்குள் காலியாகிவிடும். நன்றாகக் குடிக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தார். அவள் தலைமாட்டு ஜன்னல் மேடையில் ஒரு பூந்தொட்டி. அவள் விழுந்த நாளில் இருந்து அதற்குத் தண்ணீர் விட அவருக்கு ஞாபகமே வந்ததில்லை. செடியோ தளதளவென்று வளர்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது. தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் கையில் ஒட்டியது.

ஒழுகல் குறைந்தது தன் கைவேலையால் இல்லை என்று அப்போது விளங்கியது. உள்ளே போனால்தானே வெளியே வருவதற்கு.

"ஏம்மா" என்று கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வலிச்சுதா?"

"இல்லையே. நல்லாத்தான் இருந்துச்சு."

"இறுக்கமா இருந்துச்சா?"

"கொஞ்சம். பரவாயில்ல."

இவள் வாயில் இருந்து பிடுங்க முடியாது என்று தெரிந்துபோனது. எழுந்தார். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். மிச்சம் இருந்த டயப்பரில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் கட்டிலில் மல்லாந்து படுத்தார். "எனக்குக் கட்டிவிடு" என்றார்.

"என்ன பைத்தியமா உங்களுக்கு?"

"நான் உனக்கு எப்படிக் கட்டுவேனோ அப்படியே கட்டு. ஒண்ணு விடாம. அந்தக் கரையை உள்ள செருகறது, துணி திணிக்கறது, எல்லாம். உனக்கு ஒரு கைதான் முடியும், இழுக்கறதுக்கு நான் கை குடுக்கறேன்."

அவள் முதலில் மறுத்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, நன்றாக வேலை செய்யும் வலது கையால் ஆரம்பித்தாள். அவர் செய்வதை எல்லாம் அவள் எத்தனை கவனமாகப் பார்த்துவைத்திருந்தாள் என்பது அப்போது தெரிந்தது. ஒன்று விடவில்லை. கடைசியில் டேப்பும் சுற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க மட்டும் அவருடைய கையே அவருக்கு உதவியது.

எழுந்து நின்றார். நின்றபோது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டார். மடித்துச் செருகிய கரை இரண்டு தொடை இடுக்கையும் அறுத்தது. வயிற்றில் டேப் கடித்தது. மூச்சை முழுதாக உள்ளே இழுத்தால் பாதியில் முட்டியது. திணித்த துணி இடுப்பெலும்பில் கட்டி போல உறுத்தியது. மறுபடி உட்கார்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். ஒரு வாய் டீ குடித்துப் பார்த்தார். கட்டும்போது அவள் படுத்திருப்பாள். கட்டி முடித்து நிறுத்திப் பார்ப்பார். அவள் உட்காருவாள், புரளுவாள், மூச்சு விடுவாள் என்பது அவர் கணக்கில் வரவே இல்லை. அவர் கட்டிய எந்தச் சாமானும் அதெல்லாம் செய்ததில்லை.

"இதையா இத்தனை நாள் கட்டிக்கிட்டு இருந்த?" என்றார். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது?" என்றாள். "சுத்தி வந்து பாத்துட்டு, எப்படி இருக்குன்னு கேப்பீங்க. அப்ப உங்க முகத்தைப் பாத்திருக்கீங்களா? ஆபீஸ்ல இருந்து வந்து இன்னிக்கு என்ன கட்டினேன் தெரியுமான்னு சொல்வீங்களே, அதே முகம். நான் விழுந்ததுல இருந்து அந்த முகம் அந்த ஒரு நேரத்துலதான் வருது. அதையும் கெடுக்கச் சொல்றீங்களா?"



"அப்புறம், அந்த விரிப்பு" என்றாள். "நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு உருவி எடுத்துட்டுப் போவீங்க. வெளிய குழாயடியில குனிஞ்சு துவைக்கிற சத்தம் கேக்கும். நடு நடுவுல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ற சத்தமும் கேக்கும். தண்ணி குடிச்சாதானே இதெல்லாம்னு தோணிச்சு."

"சரி, அக்கா வீடு?" என்று கேட்டார். கேட்கும்போதே பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அரைப் பகல் ரயில்ல உக்காரணும். எதிர்ல நாலு பேர். ஒழுகிட்டா எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கறது? அக்கா வீட்டுல போய் அவ மெத்தையில உக்காந்து நனைச்சுட்டு வரவா? அவளே படுத்துக் கெடக்கா. அவளைப் பாக்கணும்னு எனக்கு இல்லையா? தினமும் கனவுல வரா." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "கல்லு மனசுன்னு சொல்லிட்டீங்க" என்றாள்.

அவர் அந்தக் கோலத்திலேயே, பார்சல் டேப் சுற்றிய இடுப்போடு, அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார். பார்க்க நன்றாகவா இருந்திருக்கும்? ஆனால் அந்த வீட்டில் அத்தனை மாதத்தில் நடந்த உருப்படியான காரியம் அதுதான். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர் கிட்ட சொன்னா யாரும் திட்ட மாட்டாங்கன்னு ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொன்னியே, நீ சொன்னியா?" என்றார். "எனக்கு டீச்சர் யாரு?" என்றாள். "நான்தான், வேற யாரு" என்றார்.

மறுநாள் அளவு எடுத்தார்கள். ஒரு நூலை இடுப்பிலும், அதற்குக் கீழே அகலமான இடத்திலும் சுற்றிப் பார்த்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் நூலை மேசையில் நீட்டிப் பார்த்து நடு சைஸ் எடுத்துக்கொடுத்தார். இந்த முறை முடிச்சு வாயைத் திறக்கவில்லை.

கற்றுக்கொள்ள நாள் பிடித்தது. அறிவுக்குப் புரிந்தாலும் கைக்குப் புரியவேண்டுமே. அவளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, டயப்பரை நீளவாக்கில் மடித்துப் படகு மாதிரி வளைத்து, முன்னால் இருந்து பின்னால் கொண்டுபோக வேண்டும். பின்பக்கம் சுருங்காமல் விரித்துவிட வேண்டும். கீழ்ப்பட்டி இரண்டையும் முதலில், கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து ஒட்ட வேண்டும். தொடையோடு அணைவது அதனால்தான். மேல்பட்டி கீழ்நோக்கி. நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுருக்கக் கரைதான் ஒழுகாமல் காக்கும் காவல்காரன். அதை உள்ளே செருகினால் அத்தனையும் வீண். விரலை ஓட்டி அதை வெளியே எடுத்துவிட்டு, தொடை மடிப்பில் படியவைக்க வேண்டும். துணியும் வேண்டாம், டேப்பும் வேண்டாம், ஒன்றின் மேல் இன்னொன்றும் வேண்டாம்.

பட்டியைப் பிடித்தால் மட்டும் கை தானாக இழுத்தது. நாற்பது வருடப் பழக்கம் ஒரே நாளில் விடுமா? அதற்கு அவள்தான் ஒரு வழி செய்தாள். அவர் மெதுவாக இழுத்துக்கொண்டே வரவேண்டும், அவள் "போதும்" என்று சொல்லும் இடத்தில் நிறுத்த வேண்டும். முதல் நாள் அவள் "போதும்" என்றபோது அவருக்கு அது கட்டாகவே தெரியவில்லை. கொடியில் துணி தொங்குகிற மாதிரி இருந்தது. "இது நிக்குமா?" என்றார். "என்னை உக்காத்தி வெச்சுப் பாருங்க" என்றாள். உட்காரவைத்தார். இடுப்பில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார், சிரமம் இல்லாமல் போய்வந்தது. நடக்கவைத்தார், சரியவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவர் கண்ணெதிரே குடித்தாள். பொழுது விடிந்தது. விரிப்பை உருவப் போனவர் தடவிப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

"தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு என்ன தடவறீங்க?" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

எல்லா நாளும் அப்படி அமைந்துவிடவில்லை. இரண்டு முறை ஒழுகியது. ஒரு முறை அவர் அவசரத்தில் கரையை மடித்துவிட்டார். ஒரு முறை மாற்ற வேண்டிய நேரத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் இப்போது எங்கே தப்பு என்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். தெருக்கோடி வரை நடந்து பார்த்தாள். மகள் வீட்டுக்குப் போய் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். தொடையில் இருந்த தடம் ஆறித் தோல் தேறியதும் அவளே ஒரு காலையில் சொன்னாள். "அக்காவைப் போய்ப் பாத்துட்டு வரலாம்ங்க."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கிளம்பும்போது கட்டியதை, நடுவில் ரயில் மாறும் பெரிய நிலையத்தில் இறங்கி ஓய்வறையில் மாற்றிக்கொண்டார்கள். அக்கா வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள். மாற்ற வேண்டும் என்றால் "மாத்திரை நேரம் ஆச்சா?" என்று கேட்பாள். அவர் பையை எடுத்துக்கொண்டு, ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லி அவளை வேறு அறைக்கு அழைத்துப் போகவேண்டும். "மாத்திரை நேரம், மாத்திரை நேரம்" என்று முடிச்சு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

அக்கா பாதியாக இளைத்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கட்டிலில் அவள் பக்கத்திலேயே தங்கையை உட்காரவைத்துவிட்டு, மருமகளும் முடிச்சும் கூடத்துக்கு வந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு தணிந்த பேச்சு. முடிச்சு பையை மடியில் வைத்துக்கொண்டு, காதைக் கதவுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மருமகள் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது உள்ளே இருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அக்கா என்னவோ சொல்ல, இவள் சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை, பழைய டீச்சர் சிரிப்பு. கூரையைப் பிளந்துகொண்டு போகிற சிரிப்பு. நிறுத்தப் பார்த்து, முடியாமல், மூச்சு வாங்கி மறுபடியும் சிரித்தாள். மருமகள் வாயில் கை வைத்துக்கொண்டாள். முடிச்சு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் நோயில் விழுந்த பிறகு இப்படிச் சிரித்துக் கேட்டதே இல்லை. பக்கவாதம் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்து, மனதைத் தேற்றிக்கொண்டு, அதைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் இருந்தார். பக்கவாதம் எடுத்துக்கொண்டு போகவில்லை. சிரித்தால் நனையும் என்று அவள் சிரிக்காமல் இருந்திருக்கிறாள். அவர் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"ஏங்க!"

பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் குரல். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பையை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க! டயப்பர் மாத்தணும். சிரிச்சே நிறைச்சுட்டேன்!"

முடிச்சு எழுந்த வேகத்தில் டீ டம்ளரைத் தட்டிவிட்டார். உள்ளே ஓடினார். அக்கா தலையணையில் தலையை உருட்டி உருட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பாருங்க தம்பி, சின்ன வயசுலயும் இப்படித்தான். இவளைச் சிரிக்க வெச்சா என் பாயும் நனையும்." அவர் முதல் காரியமாக மெத்தையைத் தடவினார். உலர்ந்திருந்தது. உடையைத் தொட்டார். அதுவும் உலர்ந்திருந்தது.

"நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கவா?" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா? நீ பாட்டுக்குச் சொல்லு. அப்புறம் அந்த வாத்தியார் என்ன பண்ணினாரு?"

அக்கா விட்ட இடத்தில் இருந்து கதையைச் சொல்லத் தொடங்கினாள். முடிச்சு கதவைச் சாத்திவிட்டு வந்து, மனைவியைப் பக்கவாட்டில் சாய்த்தார். சாய்ந்தபடியே அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். துடைத்தார், காயவிட்டார், புதியதைப் படகு போல வளைத்துக் கொண்டுபோனார். கரையை விரலால் ஓட்டி எடுத்துவிட்டார். கீழ்ப்பட்டியைப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்து, "போதுமா?" என்றார். பதில் இல்லை. "ஏம்மா, போதுமா?" அவள் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் ஏதோ குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். முடிச்சு கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தானே ஒரு விரல், இன்னொரு விரல் விட்டுப் பார்த்து, ஒட்டிவிட்டு, அவளை நிமிர்த்தி உட்காரவைத்தார். அவள் அடுத்த சிரிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவர் கட்டி முடித்ததையும், பையை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனதையும் அவள் கவனிக்கவே இல்லை.